வெற்றிட ஆற்றல் பிரபஞ்சத்தைத் தள்ளுகிறதா?

வெற்றிட ஆற்றலைப் பற்றி மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன. வெற்றிடத்தில் நொடிக்கு நொடி துகள்கள் தோன்றி மறைகின்றன என்பது ஒன்று. பலூனுக்குள் ஊதிய காற்று மாதிரி அந்த ஆற்றல் பிரபஞ்சத்தை உள்ளேயிருந்து வெளியே தள்ளுகிறது என்பது இன்னொன்று. அதைப் பிடித்துவிட்டால் ஆயுசுக்கும் இலவச மின்சாரம் என்பது மூன்றாவது. இதில் மூன்றாவது பொய், இரண்டாவது தலைகீழான படம், முதலாவது பாதிதான் சரி.

இரண்டாவதுதான் என்னை ரொம்ப நாள் குழப்பியது. ஏனென்றால் இயற்பியல் படித்தவர்களே இதை விளக்கும்போது 'அழுத்தம்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள், அழுத்தம் என்றதும் நம் மனது தள்ளுவதைத்தான் நினைக்கிறது. அதனால் அந்த இடத்தில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்ப்போம். பெரிய கணக்கு எதுவும் வேண்டாம், கூட்டலும் கழித்தலும் போதும்.

விரிவது எது?

பிரபஞ்சம் விரிகிறது என்றால், ஏற்கெனவே இருக்கும் ஒரு பெரிய காலி இடத்துக்குள் கேலக்ஸிகள் சிதறி ஓடுகின்றன என்று அர்த்தமில்லை. கேலக்ஸிகளுக்கு நடுவே இருக்கும் இடமே கூடிக்கொண்டு போகிறது. இதற்கு மையமும் கிடையாது, எந்தக் கேலக்ஸியில் நின்று பார்த்தாலும் தொலைவில் உள்ளவை எல்லாம் தன்னை விட்டு விலகுவதாகத்தான் தெரியும். எவ்வளவு தொலைவோ அவ்வளவு வேகம்: ஒவ்வொரு 10 லட்சம் ஒளியாண்டுத் தூரத்துக்கும் நொடிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வீதம் விலகும் வேகம் கூடுகிறது. ஒளியாண்டு என்பது ஒளி ஒரு வருடத்தில் கடக்கும் தூரம்.

தூரத்துக் கேலக்ஸிகளைத் தொடர்ந்து அளந்து 1929-ல் எட்வின் ஹபிள் இந்த உறவைக் காட்டினார். அதற்கு இரண்டு வருடம் முன்பே ஜார்ஜ் லெமைத்ர் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து இதே முடிவுக்கு வந்திருந்தார்.

இங்கே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விரிவு தொடங்கியது வெற்றிட ஆற்றலால் அல்ல. 1380 கோடி வருடங்களுக்கு முன்பு, பெருவெடிப்புக் காலத்திலேயே விரிவு ஆரம்பித்துவிட்டது. மேலே எறிந்த கல் கையை விட்ட பிறகும் மேலேயே போவது மாதிரி, அந்த ஓட்டம் இன்னும் தொடர்கிறது. நம் கேள்வி விரிவைப் பற்றியது இல்லை, விரிவு வேகமெடுப்பதைப் பற்றியது.

1998-ல் தெரிந்த விஷயம்

மேலே எறிந்த கல் போகப் போக வேகம் குறைய வேண்டும், பூமி அதை இழுக்கிறதே. கேலக்ஸிகளும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன, அப்படியானால் விரிவும் மெல்ல மெல்லத் தளர வேண்டும். எவ்வளவு தளர்கிறது என்று அளக்கத்தான் 1990-களில் இரண்டு குழுக்கள் கிளம்பின. ஒன்று சால் பெர்ல்மட்டர் தலைமையிலானது, மற்றொன்றில் பிரையன் ஷ்மிட்டும் ஆடம் ரீஸும் இருந்தார்கள்.

அவர்கள் பிடித்துக்கொண்டது ஒரு குறிப்பிட்ட வகைச் சூப்பர்நோவாவை, அதாவது வெடித்துச் சிதறும் நட்சத்திரத்தை. இந்த வகை வெடிப்புகளின் உண்மையான பிரகாசம் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும், சின்ன வித்தியாசங்களையும் திருத்திக்கொள்ள வழி உண்டு. இருட்டில் ஒரு பல்பு எத்தனை வாட் என்று உங்களுக்குத் தெரிந்தால், அது எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்தே எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று சொல்லிவிடலாம் அல்லவா, அதே வேலைதான். பெர்ல்மட்டரின் குழு தொலைதூரத்தில் வெடித்த 42 சூப்பர்நோவாக்களை அளந்தது.

விடை நேர் எதிராக வந்தது. சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தன, அதாவது இன்னும் தள்ளி இருந்தன. விரிவு தளரவே இல்லை, வேகமெடுத்துக்கொண்டிருந்தது. எறிந்த கல் பாதி வழியில் இன்னும் விரைவாக மேலே ஏறுவதைப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு விஷயம் இது. இரண்டு குழுக்கள் தனித்தனியே அளந்து ஒரே விடைக்கு வந்ததால்தான் உலகம் நம்பியது என்று நினைக்கிறேன். மூவருக்கும் 2011-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வேகமெடுப்புக்குக் காரணமானது எதுவோ அதற்கு இருள் ஆற்றல் என்று பெயர் வைத்தார்கள். இது காரணத்துக்கு வைத்த பெயர் மட்டும்தான், விளக்கம் இல்லை. வெற்றிட ஆற்றல் என்பது அந்தக் காரணம் இதுவாக இருக்கலாம் என்று சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று, இருப்பதிலேயே எளிமையானது. இரண்டு சொற்களையும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாகப் போட்டுப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

காலி இடம் ஏன் முழுசாகக் காலி இல்லை

ஒரு பெட்டியை எடுத்து, உள்ளே இருக்கும் காற்று, தூசி, ஒளி, வெப்பம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் வெளியேற்றிவிட்டோம் என்று வையுங்கள். மிச்சம் என்ன? சுழி என்றுதான் சொல்லத் தோன்றும். குவாண்டம் இயற்பியல், அதாவது அணுவுக்கும் அதைவிடச் சின்ன அளவுகளுக்குமான இயற்பியல், அப்படிச் சொல்வதில்லை.

ஆடாமல் நிற்கும் ஓர் ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அது எங்கே இருக்கிறது என்று தெரியும், அதன் வேகம் சுழி என்றும் தெரியும். குவாண்டம் உலகில் இந்த இரண்டும் ஒரே சமயத்தில் துல்லியமாக இருக்க முடியாது, 1927-ல் ஹைசன்பர்க் சொன்ன நிச்சயமின்மைக் கொள்கை இதுதான். ஆகவே குவாண்டம் ஊஞ்சல் ஒன்று, ஆற்றலையெல்லாம் உறிஞ்சி எடுத்த பிறகும், முழு ஓய்வுக்கு வராது. எடுக்கவே முடியாத ஒரு கடைசித் துளி ஆற்றல் அதில் தங்கியிருக்கும்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஹீலியத்தைச் சாதாரண அழுத்தத்தில் எவ்வளவு குளிர்வித்தாலும், தனிச்சுழி என்ற ஆகக் குறைந்த வெப்பநிலைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலும், அது உறைவதில்லை, திரவமாகவே இருக்கும். அந்தக் கடைசித் துளி ஆற்றல் ஹீலியம் அணுக்களை ஓரிடத்தில் உட்கார விடாது. காற்றழுத்தத்தைப் போல் சுமார் 25 மடங்கு அழுத்தம் கொடுத்தால்தான் அது திடமாகும்.

சரி, காலிப் பெட்டிக்குள் ஊஞ்சல் எங்கிருந்து வந்தது? மின்காந்தப் புலம் போன்ற புலங்கள்தான் அந்த ஊஞ்சல்கள். புலம் என்பது இடம் முழுக்கப் பரவியிருக்கும், ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மதிப்பு கொண்ட ஒன்று. ஒளி என்பது மின்காந்தப் புலத்தின் அசைவு. ஒளியை வெளியேற்றலாம், புலத்தை வெளியேற்ற முடியாது. அசைவு அடங்கினாலும் அந்தக் கடைசித் துளி ஒவ்வொரு புலத்திலும் மிஞ்சும். அப்படி மிஞ்சியதன் மொத்தம்தான் வெற்றிட ஆற்றல்.

துகள்கள் தோன்றி மறைகின்றன என்ற கதை இங்கிருந்துதான் வருகிறது. கணக்கில் வரும் சில உறுப்புகளை மனதில் படம்போல வைத்துக்கொள்ள அது ஓர் உதவி, அவ்வளவுதான். உண்மையில் வெற்றிடம் என்பது நேரம் போகப் போக எந்த மாற்றமும் காணாத ஓர் அமைதியான நிலை. கொதிக்கும் தண்ணீர் மாதிரி அதைக் கற்பனை செய்தால் தப்பான இடத்துக்குத்தான் போய்ச் சேருவோம்.

1948-ல் ஹென்ட்ரிக் காசிமிர் ஒரு கணிப்பைச் சொன்னார்: மின்னூட்டம் எதுவும் இல்லாத இரண்டு உலோகத் தகடுகளை வெற்றிடத்தில் மிக மிக நெருக்கமாக வைத்தால் அவை ஒன்றையொன்று இழுக்கும். தகடுகளுக்கு நடுவே சில அலைநீளங்களுக்கு இடம் பத்தாது, வெளியே எல்லாவற்றுக்கும் இடம் உண்டு, அந்த வித்தியாசம் விசையாக வெளிப்படும் என்பது கணக்கு. ஸ்டீவ் லாமோரோ 1997-ல் ஒரு தட்டையான பரப்பையும் அதன் எதிரே ஒரு வளைந்த பரப்பையும் வைத்து இதை நல்ல துல்லியத்தோடு அளந்தார். நடுவே இருந்த இடைவெளி ஒரு மைக்ரோமீட்டருக்கும் கீழே வரை போனது, தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தச் சோதனை காட்டுவது ஆற்றலின் வித்தியாசத்தை மட்டுமே, வெற்றிடத்தில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதை அல்ல. இதை வைத்து வெற்றிட ஆற்றலின் மொத்த அளவே நிரூபணமாகிவிட்டது என்று எழுதுபவர்கள் அவசரப்படுகிறார்கள்.

இதுவரை பார்த்தது: பிரபஞ்சம் விரிகிறது, அந்த விரிவு வேகமெடுக்கிறது. இன்னொரு பக்கம், காலி இடத்திலும் எடுக்க முடியாத ஆற்றல் மிஞ்சியிருக்கிறது. இந்த இரண்டையும் இணைக்க வேண்டும்.

உப்புத்தண்ணீரும் வெற்றிடமும்

ஒரு டம்ளர் உப்புத்தண்ணீரில் இன்னொரு டம்ளர் நல்ல தண்ணீரை ஊற்றினால் உப்பு பாதியாகக் கரிக்கும். பிரபஞ்சத்தில் இருக்கும் பொருளும் இப்படித்தான். தூரங்கள் எல்லாம் இரண்டு மடங்கானால் கன அளவு எட்டு மடங்காகும், அதே பொருள் எட்டு மடங்கு இடத்தில் பரவும், அடர்த்தி எட்டில் ஒன்றாகும்.

வெற்றிட ஆற்றல் அப்படி நீர்த்துப்போகாது. அது இடத்துக்குள் போட்டு வைத்த சரக்கு இல்லை, இடத்தின் குணமே அதுதான். புதிதாக வரும் ஒவ்வொரு கன மீட்டரும் தனக்கான ஆற்றலோடுதான் வருகிறது. நீங்கள் ஊற்றும் தண்ணீரும் அதே அளவு உப்போடு வந்தால் டம்ளரைக் குடமாக்கினாலும் கரிப்பு மாறாது இல்லையா, அது மாதிரி.

அளவு என்று பார்த்தால் ரொம்பக் குறைவு. வானியல் அளவீடுகளை வைத்துக் கணக்கிட்டால், ஒரு கன மீட்டரில் இருக்கும் இருள் ஆற்றல் மூன்று நான்கு ஹைட்ரஜன் அணுக்களின் நிறைக்குச் சமம். ஒரு கிலோமீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள இடத்தில் இருப்பது முழுவதையும் சேர்த்தால், 100 கிராம் பொருளை அரை மீட்டர் உயரம் தூக்குவதற்கான ஆற்றல்தான் வரும். பூமி அளவுள்ள இடத்தில் இருப்பது சுமார் 6 மில்லிகிராம் நிறைக்குச் சமம். பூமி அளவுள்ள இடத்துக்கு இவ்வளவே இவ்வளவு!

ஆனால் கேலக்ஸிகளுக்கு நடுவே இருக்கும் இடம் அவ்வளவு பெரியது, அவ்வளவு காலி. மொத்தக் கணக்கில் இன்றைய பிரபஞ்சத்தில் சுமார் 68 சதவீதம் இந்த இருள் ஆற்றல்தான். நட்சத்திரம், கோள், வாயு, நாம் எல்லாம் சேர்ந்து சுமார் 5 சதவீதம், மிச்சம் இருண்ட பொருள், அதாவது ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் பொருள். முன்பு இப்படி இல்லை, பொருள் நெருக்கமாக இருந்தபோது அதன் ஈர்ப்பு ஓங்கியிருந்தது, விரிவும் தளர்ந்துகொண்டுதான் இருந்தது. பொருள் நீர்க்க நீர்க்க, நீர்க்காத இது மேலோங்கி, ஏறக்குறைய 500, 600 கோடி வருடங்களுக்கு முன்பு விரிவு வேகமெடுக்கத் தொடங்கியது.

மூக்கை அடைத்த சிரிஞ்ச்

இனி அந்த அழுத்தம் விவகாரம். ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சை எடுத்து அதன் மூக்கை விரலால் அடைத்துக்கொண்டு பின்னால் இழுத்துப் பாருங்கள். திரும்ப உள்ளே போகப் பார்க்கும். உடனே ஓர் எச்சரிக்கை: நிஜச் சிரிஞ்சில் அதைத் திரும்ப உள்ளே தள்ளுவது வெளிக்காற்று. அதனால் வெளியே காற்றும் இல்லை, வேறு எதுவும் இல்லை, வெற்றிட ஆற்றல்கூட இல்லை, உள்ளே மட்டும் அது இருக்கிறது என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இப்போது கைப்பிடியை இழுத்தால் உள்ளே இடம் கூடுகிறது. இடம் கூடினால் அதே விகிதத்தில் ஆற்றலும் கூடுகிறது, அடர்த்திதான் மாறாதே. கூடிய அந்த ஆற்றலை யார் கொடுத்தது? இழுத்த கைதான். அதாவது இழுப்பதற்கு நாம் உழைக்க வேண்டியிருக்கிறது, உள்ளே இருப்பது நம்மை எதிர்த்து உள்நோக்கி இழுக்கிறது. காற்றாக இருந்தால் அது வெளியே தள்ளி நமக்கு உதவியிருக்கும். இது இழுத்து நீட்டிய ரப்பர் மாதிரி. இப்படி உள்ளே இழுக்கும் குணத்துக்குத்தான் எதிர்மறை அழுத்தம் என்று பெயர், அதன் அளவு சரியாக ஆற்றல் அடர்த்திக்குச் சமம், குறி மட்டும் கழித்தல்.

அப்படியானால் வெற்றிட ஆற்றல் வெளியே தள்ளவில்லை, உள்ளே இழுக்கிறது! பலூன் படம் தலைகீழ் என்று ஆரம்பத்தில் சொன்னது இதனால்தான். அதோடு, எந்த அழுத்தமும் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருந்தால்தான் எதையாவது நகர்த்தும். பிரபஞ்சத்தில் இது எங்கும் ஒரே அளவு, தள்ளவும் முடியாது, இழுக்கவும் முடியாது.

ஒன்று கழித்தல் மூன்று

பிறகு வேகமெடுப்பது எப்படி? ஈர்ப்பின் வழியாக. நியூட்டனின் ஈர்ப்பில் நிறை மட்டும்தான் கணக்கு. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலில், அதாவது ஈர்ப்பை இடத்தின், காலத்தின் வளைவாகப் பார்க்கும் கோட்பாட்டில், அழுத்தமும் ஈர்ப்பை உண்டாக்கும். நீளம், அகலம், உயரம் என்று மூன்று திசைகள் இருப்பதால் அழுத்தத்தை மூன்று முறை கூட்ட வேண்டும். ஆற்றல் அடர்த்தியோடு மூன்று மடங்கு அழுத்தத்தைக் கூட்டினால் எவ்வளவு வருகிறதோ, அதுதான் விரிவைத் தளர்த்தும் ஈர்ப்பின் அளவு.

நட்சத்திரத்துக்கும் கேலக்ஸிக்கும் அழுத்தம் அவற்றின் நிறையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை, விட்டுவிடலாம். வெற்றிடத்தில் விட முடியாது. ஆற்றல் 1 என்று வைத்தால் அழுத்தம் கழித்தல் 1, அதன் மூன்று மடங்கு கழித்தல் 3, கூட்டினால் கழித்தல் 2. குறி மாறிவிட்டது! ஈர்க்க வேண்டியது விலக்குகிறது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளச் சொல்வேன், ஏனென்றால் முழு விஷயமும் இதற்குள் இருக்கிறது.

இதை வேறு பெயரில் ஐன்ஸ்டைனே 1917-ல் தன் சமன்பாட்டில் சேர்த்திருந்தார். அண்டவியல் மாறிலி என்று அதைச் சொல்வார்கள், காலம் மாறினாலும் இடம் மாறினாலும் மதிப்பு மாறாத ஓர் எண். அவருக்கு அப்போது வேண்டியிருந்தது விரியாமலும் சுருங்காமலும் நிற்கும் பிரபஞ்சம். பிரபஞ்சம் விரிகிறது என்று தெரிந்ததும் அதைக் கைவிட்டார். வெற்றிட ஆற்றலும் அந்த மாறிலியும் சமன்பாட்டில் ஒரே வேலையைச் செய்கின்றன என்பதை 1960-களின் பிற்பகுதியில் யாக்கோவ் செல்டோவிச் எடுத்துக்காட்டினார்.

அப்புறம் ஒரு நியாயமான கேள்வி வரும்: இடம் கூடக் கூட ஆற்றல் கூடுகிறது என்றால் அது எங்கிருந்து வருகிறது, ஆற்றலை உண்டாக்க முடியாது என்றுதானே பள்ளியில் படித்தோம்? ஆற்றல் அழியாமை விதி ஒவ்வொரு சின்ன இடத்திலும் சரியாகவே இருக்கிறது, சிரிஞ்ச் கணக்கே அதை வைத்துத்தான் போட்டோம். ஆனால் விரிந்துகொண்டே போகும் பிரபஞ்சம் முழுவதுக்கும் மொத்த ஆற்றல் இவ்வளவு என்று எழுதி, அது மாறாது என்று சொல்ல பொதுச் சார்பியல் இடம் கொடுப்பதில்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு: தொலைவிலிருந்து வரும் ஒளி, வழியில் விரிவினால் அலைநீளம் கூடி ஆற்றலை இழக்கிறது, அந்த ஆற்றல் வேறெங்கும் போய்ச் சேருவதில்லை.

இரண்டாவது பாதியின் சாரம்: வெற்றிட ஆற்றல் நீர்க்காது. நீர்க்காததால் அதன் அழுத்தம் எதிர்மறை. அழுத்தம் எதிர்மறையாக இருப்பதால் அதன் ஈர்ப்பு விலக்குகிறது.

நாமும் விரிகிறோமா?

இல்லை. அணுக்களை மின்விசையும் சூரியக் குடும்பத்தை ஈர்ப்பும் இறுகப் பிடித்திருக்கின்றன, அந்த 6 மில்லிகிராமால் அங்கே எதுவும் செய்ய முடியாது. 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருக்கும் ஆண்ட்ரோமெடா கேலக்ஸிகூட நம்மை விட்டு விலகவில்லை, நொடிக்குச் சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கித்தான் வருகிறது.

இலவச மின்சாரக் கதைக்கும் இங்கேயே விடை சொல்லிவிடலாம். ஆற்றலை எடுக்க வேண்டுமானால் அதைவிடக் கீழான ஒரு நிலை வேண்டும், மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாய்ந்தால்தான் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றும். வெற்றிடம் என்பதே ஆகக் கீழான நிலை. அதற்குக் கீழே பள்ளம் இல்லை. இந்தப் பெயரைச் சொல்லி யாராவது இயந்திரம் விற்க வந்தால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

120 சுழியங்கள்

இத்தனையும் அழகாகப் பொருந்தி வருகிறது என்றால், சிக்கல் எங்கே? அளவில். ஒவ்வொரு அலைநீளத்துக்கும் மிஞ்சும் அந்தக் கடைசித் துளியைக் கூட்டிக்கொண்டே போனால், அலைநீளம் குறையக் குறைய துளி பெரிதாகும், எண்ணிக்கையும் கூடும், கூட்டுத்தொகை முடிவே இல்லாமல் போகும். நமக்குத் தெரிந்த இயற்பியல் செல்லுபடியாகும் ஆகச் சின்ன நீளத்தில் கணக்கை நிறுத்திப் பார்த்தால், வரும் விடை வானத்தில் அளந்ததைவிட 1-க்குப் பின் சுமார் 120 சுழியங்கள் போட்ட அளவுக்குப் பெரிது. வேறு இடத்தில் நிறுத்தினால் சுழியங்கள் குறையும், ஆனால் அப்போதும் ஐம்பதுக்கு மேல் இருக்கும்.

அவ்வளவு ஆற்றல் நிஜமாகவே இருந்திருந்தால் கேலக்ஸி என்ன, ஓர் அணுகூடச் சேர்ந்திருக்காது. ஏதோ ஒன்று அதைக் கழித்துவிடுகிறதா, ஈர்ப்பு இந்த ஆற்றலை நாம் நினைக்கும் விதத்தில் உணர்வதே இல்லையா, அல்லது வேகமெடுப்புக்குக் காரணமே வேறா என்பதற்கு இன்றுவரை ஒத்துக்கொள்ளப்பட்ட விடை கிடையாது. விஞ்ஞானிகள் இதை மறைப்பதும் இல்லை, அண்டவியல் மாறிலிச் சிக்கல் என்று பெயர் வைத்தே பேசுகிறார்கள்.

நீர்க்கிறதா என்று பார்ப்பது

காரணம் வெற்றிட ஆற்றல்தானா என்று சோதிக்க ஒரு வழி நம் கையிலேயே இருக்கிறது. உப்புத்தண்ணீருக்குத் திரும்பிப் போங்கள்: கரிப்பு மாறவே கூடாது. 1000 கோடி வருடம் முன்பும் இன்றும் அடர்த்தி ஒன்றாக இருக்க வேண்டும். கொஞ்சம் குறைந்திருந்தாலும் அது சாதாரண வெற்றிட ஆற்றல் இல்லை.

அமெரிக்காவின் அரிசோனாவில் கிட் பீக் மலையில் இருக்கும் தொலைநோக்கி ஒன்றில் டெசி என்ற கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள். அதில் 5,000 ஒளியிழைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் ஒரு குட்டி ரோபோ நகர்த்தி ஒவ்வொரு கேலக்ஸிக்கு நேராக நிறுத்தும், ஒரே சமயத்தில் 5,000 பொருட்களின் ஒளியைப் பிரித்துப் பார்க்கலாம். மூன்று வருடத்தில் ஏறக்குறைய 1.5 கோடி கேலக்ஸிகளையும் குவாசார்களையும் (வெகு தொலைவில் மிகப் பிரகாசமாக ஒளிரும் கேலக்ஸி மையங்கள்) அளந்து, பிரபஞ்சம் எந்தக் காலத்தில் எவ்வளவு விரிந்தது என்று போட்ட கணக்கு 2025 மார்ச்சில் வெளியானது. மற்ற அளவீடுகளோடு சேர்த்துப் பார்க்கும்போது இருள் ஆற்றல் காலப்போக்கில் பலம் குறைந்து வருவது போல் தெரிகிறது என்றார்கள். எந்தச் சூப்பர்நோவாத் தொகுப்போடு சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து இதன் உறுதி 2.8 முதல் 4.2 சிக்மா வரை வருகிறது. சிக்மா என்பது ஒரு முடிவு தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பதைச் சொல்லும் அளவுகோல், 5-ஐத் தொட்டால்தான் கண்டுபிடிப்பு என்று ஒத்துக்கொள்வது வழக்கம்.

ஆகவே யாராவது ஐன்ஸ்டைன் தோற்றுவிட்டார் என்றோ இருள் ஆற்றல் செத்துவிட்டது என்றோ தலைப்புப் போட்டால் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். டெசி இன்னும் அளந்துகொண்டிருக்கிறது. 2023-ல் ஏவப்பட்ட யூக்ளிட் விண்கலமும், 2025-ல் முதல் படங்களை வெளியிட்ட சிலி நாட்டு வேரா ரூபின் ஆய்வகமும் வேறு வேறு வழிகளில் இதே கரிப்பைத்தான் சுவைத்துப் பார்க்கப் போகின்றன.